ஆறாம் பக்கத்து இலை

மேல்ஸ்டோர் லயம்,
போடிமெட்டு தபால்,
9-1-1956

மாப்பிள்ளை வீரையாவுக்கு ஒச்சப்பன் எழுதுவது.

ஆமாம், ஒச்சப்பன்தான். எனக்காக வேறு யாரும் எழுதவில்லை. இது என் கை. கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வாசி.

அறுபது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் மாப்ளே. போன வருஷம் இந்த எஸ்டேட்டில் லயத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். தகரக் கொட்டகைதான். என் முதுகு இனிமேல் மூட்டை தூக்காது என்று கண்டு, அங்கே கூட்டிப் பெருக்கவும் தண்ணீர் எடுத்து வைக்கவும் என்னைப் போட்டார்கள். பெருக்கி முடித்ததும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். வேலுத்தாய் டீச்சர் ஒருநாள் என்னைப் பார்த்து, "என்னங்கய்யா, சோலி முடியலையா?" என்றார். "முடிஞ்சிருச்சுத்தா. சும்மா குந்தியிருக்கேன்" என்றேன். மறுநாள் என் முன்னாலும் ஒரு சிலேட்டு இருந்தது. பார்க்கச் சின்னப்பிள்ளையாகத் தெரிகிறாள், ஆனால் அவள் கண் பெரிய கண்.

இப்போது சாக்கில் இருப்பதை வாசிக்கிறேன். ஜீப்பின் முதுகில் இருப்பதை வாசிக்கிறேன். நேற்று தீப்பெட்டியை வாசித்தேன். இத்தனை வருஷம் மடியில் கிடந்த தீப்பெட்டி, ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்றுப் பேசிவிட்டது.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன். டீச்சர் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார். வேறு தேசத்து அடிமைகளைப் பற்றியது. மனுஷர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கரும்புக் காட்டில் வேலை வாங்குகிறார்கள். கடைசிப் பக்கத்தில் சங்கிலி அறுந்து கிடக்கிறது. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டிவிட்டு, "நம்ம பக்கத்துல அடிமைங்க இருந்தாங்களா?" என்று கேட்டார். செல்லத்தாய் என்று ஒரு பிள்ளை, ஆறு வயது, வாய் எட்டு வயது. எழுந்து நின்று, "இங்க கப்பலே இல்ல டீச்சர். அப்புறம் எப்படி இருப்பாங்க?" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் அதுதான் சரி என்றன.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "நான் இருந்தேன் ஆத்தா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "தாத்தா, சங்கிலி எங்க?" என்று என் காலைத் தூக்கிப் பார்த்தாள் அந்தச் செல்லத்தாய்.

சங்கிலி இல்லாத அடிமையை எப்படிக் காட்டுவது? யோசித்தேன். ஏலத்தோட்டத்து வேலைக்குக் கைநாட்டு வைத்து மலையேறினோம். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று நம் யாருக்கும் தெரியாது. இறங்கும் பாதை எல்லாவற்றிலும் ஆள் நின்றது. பெற்றவள் செத்தாலும் இறங்க விடவில்லை. இதையெல்லாம் நானே படமாக வரையப் போகிறேன் மாப்ளே. ஒரு புத்தகம். அதில் நாம் இரண்டு பேரும் ஓடிய கதைதான் பெரிசு. நான் பிடிபட்டேன், நீ தப்பினாய். நீதான் அந்தப் புத்தகத்தின் விடுதலை.

ஓடிய அன்று நீ போர்த்தியிருந்த கம்பளியின் கரை சிவப்பா, மஞ்சளா? எழுது. என் தங்கச்சி ராக்குவுக்கு இதை விடாமல் வாசித்துக் காட்டு. இதை எழுத நாலு நாள் ஆயிற்று.

ஒச்சப்பன்


ராசிங்காபுரம்,
18-1-1956

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. தபால்காரர் வாசலில் நின்று "மலையிலேருந்து" என்றதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிட்டோம். தங்கள் கையெழுத்து என்று சொன்னபோது ராக்கு நம்பவில்லை. "எங்கண்ணனா? எழுதுச்சா?" என்று கடுதாசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதை அடுக்குப்பானையில் அரிசிக்குள் வைத்துவிட்டாள். நான் கேட்டும் தரவில்லை.

இந்த வருஷம் நிலக்கடலை பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மகள் மொக்கம்மாள் போடியிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்று தங்களைத்தான் முதலில் கேட்டாள்.

மச்சான், ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக் கஷ்டமெல்லாம் எதற்கு? யானை வரையலாம். மயில் வரையலாம். அடிமை என்ற சொல்லே அதுகள் காதில் விழாமல் வளரட்டுமே. வரைந்தே தீர வேண்டும் என்றால் என் பெயரை விட்டுவிடுங்கள். நான் விடுதலையும் இல்லை ஒன்றும் இல்லை. ஓடினவன், அவ்வளவுதான்.

கம்பளியின் கரை சிவப்பு.

இரண்டு படி கடலை பஸ்சில் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போடிமெட்டு டீக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

தங்கள்,
வீரையா


மேல்ஸ்டோர் லயம்,
6-2-1956

மாப்ளே,

கடலை வந்தது. பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாகத் தோல் கூட்டுவதே என் சோலி.

யானை வரையச் சொன்னாய். முயற்சி செய்தேன். எருமை வந்தது. என் கைக்கு மனுஷர்கள்தான் வருகிறார்கள்.

ஏலக்காய் கட்டும் பழுப்புத் தாளை மடித்துத் தைத்துப் புத்தகம் ஆக்கியிருக்கிறேன். கோட்டுக்குக் கரி. பச்சைக்கு அவரை இலையைக் கசக்கி விரலால் தேய்ப்பது. சிவப்புக்குச் செங்கல். வெள்ளைக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. விரல் பருமன் பார், பூச்சு கோட்டுக்குள் நிற்பதே இல்லை. டீச்சர், "பரவாயில்லைங்கய்யா, உங்க மரமெல்லாம் காத்துல ஆடுற மாதிரி இருக்கு" என்றார். எப்படிப் பேசுகிறாள் பார்.

முதல் பக்கம் கட்டைவிரல். பக்கம் முழுக்க ஒரே கட்டைவிரல். இரண்டாம் பக்கம் மலையேறும் வரிசை. மூன்றாம் பக்கம் காலைப் பிரட்டு. வரிசையில் நிற்க வைத்து ஆள் எண்ணுவார்களே, அது. காசிராஜன் கங்காணி குடை பிடித்து நிற்கிறான். "மழையே இல்லையே, எதுக்குத் தாத்தா குடை?" என்று கேட்டார்கள். "அதுதான் கங்காணி" என்றேன். நாலாம் பக்கம் செடிக்கு அடியில் குனிந்து காய் பறிக்கும் பொம்பளைகள், அதில் வயிற்றுப் பிள்ளையோடு ராக்கு. காலில் அட்டை. அட்டையைப் பார்த்ததும் ஒரே கும்மாளம். அடிமை, விடுதலை எல்லாம் மறந்து எல்லாரும் அவரவர் அட்டைக் கடியைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் பக்கம் ஏலக்காய் ஸ்டோரின் தூண். ஓடிப் பிடிபட்டவனைக் கட்டும் தூண்.

ஆறாம் பக்கம் நாம் ஓடியது. இன்னும் காட்டவில்லை. அதற்குத்தான் ரொம்ப நாள் எடுத்தது. விடியற்காலைப் பனி. கவைப்பாதை, வழி இரண்டாகப் பிரியும் இடம். நடுவில் கல்லுச்சாமி. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா ஒண்ணாச் சிக்குவோம் மச்சான். நீ எடது பக்கம் எறங்கு, நான் வலது பக்கம் போறேன், போடிச் சந்தையில பாப்போம்" என்றாய். நான் இறங்கினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நீ சாமி முன்னால் குனிந்து இலை வைத்துக்கொண்டிருந்தாய். உயிர் போகும் நேரத்திலும் சாமியை மறக்கவில்லையே இவன் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. தூணில் கட்டிக் கிடந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அவன் சாமி கும்பிட்டான், அவன் தப்பிவிடுவான் என்று.

உன்னைச் சிவப்புக் கரைக் கம்பளியோடு வரைந்திருக்கிறேன். நீ வைத்த வட்டக்கண்ணி இலைக்கு மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தேன். என் கண்ணில் அது வெளுப்பாகத்தான் இருக்கிறது. பனியாக இருக்கும்.

செல்லத்தாய் இன்று நேரங்கழித்து வந்தாள். அவள் ஆத்தா எந்தப் பக்கம் காய் பறிக்கப் போனாள் என்று இலை பார்த்துப் போய்ச் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வந்தாளாம். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது மாப்ளே. திரும்பும் இடத்தில் இலையை வெளுத்த பக்கம் மேலாக வைத்து, நுனியைப் போன பக்கம் காட்டிவிட்டுப் போகிறார்கள். மூட்டை தூக்க வருகிற ஆளுக்கு அதுதான் தபால்.

வரும் வாரம் ஆறாம் பக்கம். எல்லாரும் உன்னைப் பார்க்கப் போகிறார்கள்.

ஒச்சப்பன்


ராசிங்காபுரம்,
12-2-1956

மச்சான் அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்த ஆறாம் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.

தங்களுக்கு ஞாபகப் பிசகு. நான் அந்த இடத்தில் குனியவே இல்லை. சாமிக்கு இலை எதுவும் வைக்கவில்லை. பனியில் கல்லைப் பார்த்து என்னை என்று நினைத்திருப்பீர்கள். நடக்காததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பாவம். நான் ஓடுவது போல மட்டும் வரையுங்கள். முகம் தெரிய வேண்டாம்.

ராக்குவுக்கு நெஞ்சு சரியில்லை. பழையதைக் கேட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது அவளுக்கு. ஆகையால் அடுத்த கடிதத்தில் பிள்ளைகள் சிரித்தது, விளையாடியது இதை மட்டும் எழுதினால் போதும்.

தீபாவளிக்கு அனுப்பிய வேட்டி உடுத்தினீர்களா? கிழிந்திருந்தால் எழுதவும். வேறு அனுப்புகிறேன்.

வீரையா


மேல்ஸ்டோர் லயம்,
2-3-1956

வீரையா,

உன் கடுதாசி வருவதற்கு முன்னாலேயே ஆறாம் பக்கத்தைக் காட்டிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கதை சொன்னேன். "இது நான். இது என் மாப்பிள்ளை. சாமிக்கு எலை வைக்கிறான்" என்றேன்.

செல்லத்தாய் மூக்கு படத்தில் படும்படி குனிந்தாள். "சாமிக்குன்னா பச்சை மேலல்ல இருக்கணும்" என்றாள்.

"பனியில அப்படித் தெரிஞ்சது ஆத்தா."

"இல்ல தாத்தா. வெளுப்பு மேல இருக்கு. நுனி ஒங்க பக்கம் இருக்கு. அது எங்காத்தா வைக்கிற எலை. பின்னால வர்றவங்களுக்கு வைக்கிறது." அப்புறம் தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள்: "ஒங்க பின்னால யாரு வந்தா?"

யார் வந்தார் வீரையா? காசிராஜன் கங்காணியும் நாலு ஆளும். வலது பக்கம் ஒருவன்கூடப் போகவில்லை. நேரே என் வழியில் இறங்கி வந்தார்கள், கால் கழுவ ஓடைக்குப் போகிறவர்கள் மாதிரி.

டீச்சர் புத்தகத்தை வாங்கி மெதுவாக மூடினார். பிள்ளைகளை விளையாட விட்டார். அன்றைக்கு நான் பெருக்கவில்லை.

பிறகு உன் கடுதாசி வந்தது. குனியவே இல்லை என்று எழுதியிருந்தாய். அதுவரை என் மனதில் ஒரு ஓரத்தில், இல்லை, பனிதான், கிழவன் கண்தான் என்று ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. உன் கடுதாசிதான் அதை நிறுத்தியது. வைக்காதவன் இத்தனை பயப்பட மாட்டான்.

எட்டு வயதிலிருந்து காடு தெரிந்தவன் நான். வெளுப்பு மேலே என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கண் பார்த்தது. மனசு வாசிக்கவில்லை. உன் மேல் இருந்த நம்பிக்கை அப்படி. இப்போது நானே வரைந்து, நானே சுண்ணாம்பு தொட்டு, ஆறு வயதுப் பிள்ளை வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

தூணில் மூன்று நாள் கட்டிக் கிடந்தேன். "வீரையா எங்க? எந்த வழியாப் போனான்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நான் சொல்லவில்லை. ஒரு பல் போனது, சொல்லவில்லை. இடது காது போனது, சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டே கேட்டார்கள். நான் எதைக் காப்பாற்றினேன் வீரையா?

எட்டாம் நாள் ராக்குவைக் கீழே இறக்கி விட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று இரக்கப்பட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கங்காணிக்கும் ஈரம் இருக்கிறது என்று ஒரு நாள் நினைத்தேன் பார், அந்த நாளை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இறங்க விடாமல் அந்தத் தோட்டத்திலேயே வைத்திருந்தார்கள். ஆத்தா செத்தாள். எனக்குப் பதிலாக நீ கொள்ளி வைத்தாய் என்று ஆள் வந்து சொன்னபோது, நீ இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

நீ அனுப்பிய வேட்டிகளில் ஒன்றைத்தான் உடுத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். மாற்றுவதற்கு வேறு இல்லை. இருக்கிற எல்லாமே நீ அனுப்பியவை.

எழுதத் தெரிந்தது சந்தோஷம் என்று நினைத்தேன். இப்போதும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். முன்னே என்றால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் காட்டில் நடந்துகொண்டிருப்பேன். இப்போது அது உன் வீட்டுக்கு வருகிறது.

பதில் எழுது. வேட்டியைப் பற்றி வேண்டாம்.

ஒச்சப்பன்


ராசிங்காபுரம்,
13-3-1956

மச்சான்,

வைத்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. மலையை விட்டு வந்த பிறகு போடி மில்லில் கணக்கப்பிள்ளையிடம் எழுத்துக் கற்றபோது இப்படி ஒரு சொல்லை எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஓடுவதற்கு முந்திய நாள் காசிராஜன் கங்காணி என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூப்பிட்டான். நம் பேச்சு எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அவன் வெற்றிலை மடித்துக்கொடுத்தான். "நீ போ வீரையா. ஒன்னை வச்சு நான் என்ன செய்ய? எனக்கு ஒச்சப்பன் வேணும். அவன் பேச்சை எல்லாப் பயலும் கேக்குறான். ஓடுறவனைப் பிடிச்சு, கட்டி, எல்லாருக்கும் காட்டணும்" என்றான். அப்புறம், "ஒம் பொண்டாட்டி லயத்துல கெடக்கா. ஏழாம் மாசம். எந்த வழியா எறங்குறான்னு ஒரு எலை வச்சுட்டுப் போ. எட்டு நாள்ல அவளை எறக்கி விடுறேன். இல்லேன்னா அந்தப் பிள்ளையும் இங்கதான் பெறக்கும், இங்கதான் காய் பறிக்கும்" என்றான்.

ராக்கு தங்கள் தங்கச்சியும்தானே மச்சான். கேட்டிருந்தால் தாங்களே என்னைப் போகச் சொல்லியிருப்பீர்கள். தாங்களே தூணில் போய் நின்றிருப்பீர்கள். இதை முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு பகல் முழுக்க இருந்தது. தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

மூன்று நாள் நான் எங்கே என்று கேட்டுத் தங்களை அடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தாங்கள் சொன்னதே இல்லை. அந்த வரியை வாசித்ததிலிருந்து வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. வயலில் வேலை இல்லாமலே நிற்கிறேன்.

ராக்குவுக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். தூண் பற்றியதை விட்டுவிட்டேன். கவைப்பாதையை விட்டுவிட்டேன். போன கடிதத்தில் மழையும் பள்ளிக்கூடமும் இருப்பதாக வாசித்தேன். "எங்கண்ணன் இம்புட்டுத்தான் எழுதுச்சா? தாளு ரெண்டு இருக்கே?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல வேண்டாம் மச்சான். கும்பிட்டுக் கேட்கிறேன்.

வீரையா


மேல்ஸ்டோர் லயம்,
1-4-1956

வீரையா,

என் தங்கச்சிக்கு மழையை வாசித்தாயா?

எனக்கு ஒரு காகிதம் நீட்டினார்கள், "ஒண்ணுமில்ல, வழக்கமான காயிதம்தான்" என்றார்கள், நான் விரலை வைத்தேன். அதிலிருந்து அறுபது வயது வரை எனக்கு யார் எதை வாசித்தார்களோ அதுதான் உலகம். அவளுக்கு நீ அதைச் செய்கிறாய். உன் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறாய்.

மன்னிக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். சிலேட்டில்தான் எழுதினேன். நன்றாக வந்தது, எழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது. துடைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் விடவில்லை. "அந்த எலை வச்சவரு கெட்டவரா தாத்தா?" என்று கேட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். கங்காணி உன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். வெற்றிலையோடு சேர்த்துச் சொன்னேன். அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேன். செல்லத்தாய் ரொம்ப நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவரும் அடிமைதானே. ஓடிப் போனப்பெறகும்" என்றாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து போய் மணி அடித்துவிட்டேன். பத்து நிமிஷம் முன்னாலேயே.

இதோடு ஒரு கட்டு வருகிறது. ராக்கு பெயருக்கு. அதே புத்தகத்தை அவளுக்காக இன்னொரு தடவை வரைந்தேன். ஒரு எழுத்துக்கூட இல்லை, எல்லாம் படம். வாசித்துக் காட்ட ஆள் வேண்டாம். வருஷக்கணக்காக ஏலக்காட்டில் குனிந்தவள், இலையைப் பார்த்தால் அவளுக்குப் புரியும்.

ஆனால் ஆறாம் பக்கத்து இலைக்கு நான் எதுவும் பூசவில்லை. கோடு மட்டும் இருக்கிறது. உங்கள் வேலியில் அவரைக் கொடி இருக்கிறது. வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பும் இருக்கிறது. பச்சையா, வெளுப்பா, நீ பூசி அவள் கையில் கொடு. அன்றைக்கு யாரும் உன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிராமல் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை.

ஒச்சப்பன்


ராசிங்காபுரம்,
20-4-1956

மச்சான்,

ராக்கு அங்கே வந்து சேர்ந்தாளா? இதற்கு மட்டுமாவது உடனே பதில் வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை ஆறு நாள் வைக்கோலுக்குள் வைத்திருந்தேன். பிறகு அவரை இலையைப் பறித்தேன். சுண்ணாம்பும் எடுத்து வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பச்சை பூசினேன்.

பூசிய பிறகு நிம்மதியாகக்கூட இருந்தது. தீக்குச்சியால் தொட்டு, கோட்டுக்கு வெளியே போகாமல், சுத்தமாகப் பூசினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசலில் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்தாள். கட்டைவிரலைப் பார்த்துத் தன் விரலை அதன் மேல் வைத்தாள். அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். தூணைப் பார்த்து, "இதை நீ எனக்கு வாசிக்கலையே" என்றாள்.

ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். முன் பக்கங்களைத் திருப்பினாள். மறுபடி ஆறுக்கு வந்தாள். "எல்லாப் பச்சையும் கோட்டைத் தாண்டி ஓடுது. எங்கண்ணன் கை அப்படித்தான். இந்த எலை மட்டும் கோட்டுக்குள்ள நிக்குதே" என்றாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தில் பச்சை இருந்தது.

"இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி குடித்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். உள்ளே போய்த் தங்கள் கடிதங்களை அரிசிக்குள்ளிருந்து எடுத்துத் துணியில் முடிந்தாள். "பஸ்சு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். போடி வரை பின்னாலேயே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, அப்போதும் எனக்குப் பொய்ப் பச்சைதான் வந்தது மச்சான். தங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

வீரையா


மேல்ஸ்டோர் லயம்,
29-4-1956

வீரையா,

வந்து சேர்ந்தாள். நெஞ்சு சரியில்லாதவள் என்று எழுதியிருந்தாய். போடிமெட்டில் பஸ்சை விட்டு இறங்கி லயம் வரை நடந்தே வந்தாள், தலையில் முடிச்சோடு. நான் பள்ளிக்கூட வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணே" என்றாள். வலது காதுப் பக்கம் வந்துதான் கூப்பிட்டாள். கேளாத காது எது என்று அவளுக்கு எப்போதும் தெரியும். ஏன் கேட்கவில்லை என்று மட்டும் நான் சொன்னதில்லை. வந்த அன்றைக்குச் சொன்னேன்.

கடுதாசிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். என் கடுதாசியை நானே வாசித்தேன் வீரையா, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி. மழை எங்கும் வரவில்லை. உன்னுடையவற்றையும் விடாமல் வாசித்தேன். நீ எழுதிய எதையும் குறைக்கவில்லை. கங்காணி சொன்ன இடத்தில் மறுபடி ஒரு தரம் வாசிக்கச் சொன்னாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் அவளை நாலாம் பக்கத்தில் பார்த்தவர்கள் அல்லவா, "படத்துல இருந்த பாட்டி!" என்று பாய்ந்துவிட்டார்கள். வயிற்றுக்குள் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். "போடியில இருக்கா. மூணு பிள்ளை பெத்துட்டா" என்றாள். எல்லாரும் ஏமாந்து போனார்கள். பிள்ளை இன்னும் சின்னதாகவே இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆறாம் பக்கத்துப் பச்சையின் மேல் சுண்ணாம்பு தொட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அது அப்படியே இருக்கிறது, கோட்டுக்குள், சுத்தமாக.

இனி வருவது ராக்கு சொல்வது. அவள் சொன்ன சொல்லில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. எழுதி முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். கைநாட்டு வைக்கிறாயா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டு. மண்பானையில கேப்பை மாவு இருக்கு, கிண்டித் தின்னு. மொக்கம்மா கேட்டா நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன். எம் பிள்ளைக்காக வச்சேங்கிற. சரி. எனக்கு அது கோவமில்ல. எங்காத்தாளுக்கு நீ கொள்ளி வச்ச அன்னிக்கு, எங்கண்ணன் இல்லாத கொறையத் தீத்து வச்சேன்னு ஊரு முன்னால ஒங் கால்ல விழுந்தேனே, அப்ப நீ என்னைத் தூக்கி விட்ட. தூக்கி விடுற கையில ஒனக்கு ஒரு நடுக்கம்கூட இல்ல. அதை நெனைச்சுக்கிட்டுத்தான் இங்க குந்தியிருக்கேன். அது என் நெஞ்சை விட்டு எறங்குனா வருவேன். எறங்கலேன்னா வர மாட்டேன். நீ கூட்டிப் போக வராத. அந்த மலை எனக்குத் தெரியும். எந்த வழியில எறங்கணும்னு எனக்கு யாரும் எலை வைக்க வேணாம்."